முன்கட்டு அத்தையின் மஞ்சள் சேலை

1961 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு எழுந்தேன். பல் துலக்கிவிட்டுக் கிணற்றடியிலிருந்து ஆறு நடை தண்ணீர் எடுத்து அடுக்களைத் தொட்டியை நிரப்பினேன். ஆறேகாலுக்கு அப்பா துண்டும் சோப்புப் பெட்டியுமாகப் பேரருவிக்குக் கிளம்பினார். தம்பிகள் நாலு பேரும் பின்னாலேயே ஓடினார்கள். ஆறரைக்கு, எங்கள் வீட்டு முன்கட்டில் குடியிருந்த அத்தையும் மாமாவும் பண்பொழிக்குப் புறப்பட்டார்கள். ஏழு மணிக்கு இட்லி. எட்டு மணிக்குச் சலவை நோட்டை எடுத்து, முந்தின நாள் வந்த துணிகளில் டிக் போட விட்டுப்போன இரண்டுக்கு டிக் போட்டேன்.

மணிக்கணக்கெல்லாம் எனக்கு மனப்பாடம்; தேதியை இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அந்த வருடம் அப்பா கொடுத்த டைரி. அவருடைய அலுவலகத்தில் எழுதப்படாமல் மிஞ்சிய முந்தின வருடத்து டைரி அது. பக்கத்துக்குப் பக்கம் கிழமையை அடித்துத் திருத்தி வைத்துக்கொண்டேன். 1960 லீப் வருடமாகையால் பிப்ரவரி 29 என்ற பக்கத்தை என்ன செய்வது என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். அப்போது எனக்கு வயது பத்து. எதற்கும் கவலைப்படுகிற பிள்ளை என்று வீட்டில் எனக்குப் பெயர். ஜூலை 9-ஆம் பக்கத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ‘சாரல். மைமூன் வந்தாள். பிள்ளை விரிப்பு தைத்தோம்.’ மூன்றும் உண்மை. ஆனால் அன்று நடந்தது அந்த மூன்றுக்கும் வெளியே இருந்தது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் ஊர்க்காரர்கள் பின்கட்டுக்குப் போய்விடுவோம். முன்கட்டு வெளியூர்க்காரர்களுக்கு. கோவில்பட்டியிலிருந்து அத்தையும் மாமாவும் அந்த வருடத்தோடு மூன்றாவது வருடமாக வந்திருந்தார்கள். எங்களுக்கு உறவில்லை. குடியிருக்க வருகிறவர்கள் எல்லாரும் எங்களுக்கு அத்தை மாமாதான். ஒரு மாதம் தங்குவார்கள். தினமும் இரண்டு வேளை அருவி, வெள்ளிக்கிழமைகளில் குற்றாலநாதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்பொழி மலை முருகனுக்குப் படியேறுவது என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். அந்த ஒழுங்கினாலேயே எனக்கு அவர்களைப் பிடிக்கும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். அறையில் இரண்டு தலையணைகள் மட்டுமே இருந்தன. அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

அம்மா எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள். முன்கட்டுப் பொருள் எதையும் தொடக்கூடாது. “தொட்டீகன்னா கை இருக்காது பாத்துக்கோங்க” என்பாள். அடித்ததில்லை. ஆனால் அடுத்த வருடம் அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்வாள். அது எனக்கு அடியைவிடப் பெரிய பயம்.

மைமூன் என் வகுப்புத் தோழி. தென்காசியில் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவளுடைய வாப்பா தையற்காரர். சீசன் மாதங்களில் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து அருவிக்குப் போகிற பாதையில் கடை போடுவார். நனைந்தும் கிழிந்தும் வருகிற வெளியூர்க்காரர்களுக்கு உடனே தைத்துக் கொடுப்பதற்கு நல்ல கூட்டம் இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஊர் திரும்புவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மைமூனும் அவரோடு வந்துவிடுவாள்.

அவளுடைய ராத்தா, அதாவது மூத்த அக்கா, பிரசவத்துக்காகத் தென்காசி வீட்டுக்கு வந்திருந்தாள். போன வருடம் பிறந்த பிள்ளை பதினோரு நாள்தான் இருந்தது. இந்தத் தடவை அந்த வீட்டில் எல்லாரும் மெதுவாகவே பேசினார்கள். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினார்கள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு விரிப்பு தைப்பது என்று மைமூன் தீர்மானித்து, வாப்பா கடையில் விழுந்த வெட்டுத் துணிகளைச் சேர்த்து, இரண்டு வாரமாகக் கட்டம் கட்டமாக மூட்டி வைத்திருந்தாள். பச்சை, ஊதா, கோடு போட்ட சட்டைத் துணி, ஒரு ஓரத்தில் பளபளப்பான ரோஸ் கலர். அதை நான் பார்க்கப் போன அன்று அவளுடைய உம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

“இதெல்லாம் புதுத்துணி வெட்டு, பிள்ள. பச்சப்பிள்ளைக்குப் புதுசு ஆவாது. இது அடியில இருக்கட்டும். பிள்ள மேல படுதது பழஞ்சேலையா இருக்கணும். உங்க அம்மா சேல ஒண்ணு வாங்கிட்டு வா. வேற யாருதும் வேண்டாம், என்னா? அஞ்சு பெத்தா, அஞ்சும் குத்துக்கல்லாட்டம் இருக்குலா.”

“அதுல இவ ஒரு கல்லு” என்றாள் மைமூன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ராத்தா மட்டும் சிரிக்காமல், “மெத்துன்னு இருக்குமாட்டி? கன்னத்துல உறுத்தப்படாது” என்றாள்.

எங்கள் வீட்டிலும் வழக்கம் அதுதான். என் கடைசித் தம்பி பிறந்தபோது முதல் துணிக்குப் பெரியம்மாவின் சேலையைத்தான் கிழித்தார்கள். ஆகவே அவர்கள் சொன்னதை நான் ஒரு சமையல் குறிப்பைப் போல மனத்தில் வாங்கிக்கொண்டேன். பழைய சேலை. அம்மாவுடையது. மெத்தென்று இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மைமூன் துணிச் சுருளும், வாப்பாவின் பழைய கத்தரியும், இரண்டு நூல்கண்டும், ஒரு மெழுகுவர்த்தித் துண்டுமாக வந்தாள். தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்தாள். வெளியே மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சாரல் தூசியைப் போலப் பறந்துகொண்டிருந்தது.

“அம்மா, சேல?” என்று கேட்டேன். அது மூன்றாவது தடவை.

“நடுக்கட்டுக் கொடியில கெடக்கு பாரு, மஞ்சச் சேல. நைஞ்சு போச்சு, எடுத்துக்கோ. எத்தன தடவட்டி கேப்ப?” என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து.

சாரல் காலத்தில் சலவைத் துணி காய்ந்து வராது. சலவைக்கார அக்கா அரை ஈரத்தோடுதான் கொண்டுவந்து போடுவாள். முன்கட்டுத் துணி, எங்கள் துணி எல்லாம் நடுக்கட்டில் ஒரே கொடியில் தொங்கும். அதற்கும் நான் ஓர் ஒழுங்கு ஏற்படுத்தியிருந்தேன். ஜன்னல் பக்கம் நாங்கள், வாசல் பக்கம் அவர்கள். அன்று காலை ஜன்னல் பக்கமாக இரண்டு மஞ்சள் சேலைகள் தொங்கின. இரண்டும் நிறம் போனவை. ஜன்னல் பக்கம் இருந்ததால் இரண்டும் எங்களுடையவை என்று வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் எத்தனை மஞ்சள் சேலை இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, மெத்தென்று இருந்ததை உருவினேன். முந்தின நாள் மாலை சாரல் வாசல் வழியாக அடித்தபோது, நனையாமல் இருக்க அம்மா எல்லாத் துணியையும் ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

பின்கட்டில் பாய் விரித்தோம். நான் சேலையின் இரண்டு பக்கத்தையும் விறைப்பாகப் பிடித்துக்கொள்ள, மைமூன் நடுவில் கத்தரியை வைத்தாள். நைந்த துணியாகையால் சத்தமே இல்லாமல் வெட்டுப்பட்டது. ஒரு பாதியை நாலாக மடித்து உள்ளே வைத்தோம். மறு பாதியை அளவாக மடித்து மேலே பரப்பினோம். அடியில் அவளுடைய கட்டத் துணி. அசையாமல் இருக்கப் பெரிய பெரிய தையலாக முதலில் ஓட்டிவிட்டு, பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரிசை வரிசையாக நூலோட்டம் போட வேண்டும். அவள் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். நூலை மெழுகில் இழுத்து இழுத்துக் கோத்துக்கொண்டோம்.

குளிருக்காக அம்மா குமுட்டி அடுப்பில் கொஞ்சம் கரி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அதில் பலாக்கொட்டை சுட்டோம். கொட்டை வெடிக்கும்போதெல்லாம் மைமூன் “ஒண்ணு” “ரெண்டு” என்று எண்ணினாள். என்னைக் கேலி செய்வதற்காக.

“ஏட்டி, என்ன தையலு இது? எறும்பு போறாப்புல இருக்கு” என்றாள் என் வரிசையைப் பார்த்து.

“உன்னது ஒட்டகம் போறாப்புல இருக்கு.”

“பிள்ள பொறக்க இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு. நீ தைக்கதப் பாத்தா அது பள்ளிக்கூடம் போற வரைக்கும் தைப்ப போல.”

“ராத்தாதானே சொன்னா, உறுத்தப்படாதுன்னு. பெரிய தையல்னா முடிச்சு உறுத்தும்.”

“அடுத்த தடவ உன்னயே விரிச்சுப் படுக்கப் போடுவோம், நீதான் எங்கயும் உறுத்த மாட்டேங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு பலாக்கொட்டையை உரித்து என் வாயில் திணித்தாள். அது மாதிரி ஒரு காலைப் பொழுது அதற்குப் பிறகு எனக்கு அதிகம் வாய்த்ததில்லை. ஓட்டின் மேல் சாரலின் சத்தம், கரியின் சூடு, காலுக்கு மேல் துணியின் கனம். நான் வழக்கமாகப் படுகிற கவலைகளில் ஒன்றைக்கூடப் படாமல் மத்தியானம் வரை தைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். மூன்று பக்கமும் ஆகிவிட்டது. இரண்டேகால் மணிக்கு நாலாவது பக்கத்தின் ஓரத்தை உள்ளே மடிக்க விரலை விட்டபோது, மூலையில் கறுப்பாக ஒரு சலவைக் குறி தென்பட்டது. இரண்டு புள்ளி, குறுக்கே ஒரு கோடு.

சேங்கொட்டைப் பாலில் சலவைக்கார அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி போட்டிருந்தாள். எத்தனை வெளுப்புக்கும் அது போகாது. எங்களுக்கு மூன்று புள்ளி. இரண்டு புள்ளியும் கோடும் முன்கட்டுக்கு. அந்தக் குறிகளைப் பார்த்து நோட்டில் எழுதுவது நான்தான் என்பதால், தவறாகப் படித்துவிட்டேன் என்று என்னை ஏமாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

“மைமூன், இது எங்க சேல இல்ல.”

“பின்ன?”

“முன்கட்டு அத்தையோடது.”

அவள் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சொல்லிருவோமா?”

“கை இருக்காது.”

“வாப்பாட்ட குடுத்து ரெண்டு பாதியையும் மூட்டித் தரச் சொல்லுவோமா? மிஷின்ல அடிச்சா நேரா இருக்கும்.”

“நடுவுல தையலோட எப்படிட்டி கட்டுவாவ?”

“கொசுவத்துக்குள்ள தையல் வாறாப்புல கட்டலாம்” என்றாள். மற்ற நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

பிறகு இருவரும் தையலைத் தொடர்ந்தோம். குறி இருந்த மூலையை உள்ளே மடித்து அதன் மேல் இரண்டு வரிசை கூடுதலாகப் போட்டேன். முடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு. தெரியாவிட்டாலும் சேலை இல்லையே என்று மறு நினைப்பு. அவர்கள் திரும்பி வர வேண்டிய செங்கோட்டைப் பக்கமிருந்து பஸ் வருகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஊசி என் விரலில் ஏறியது. ஒரு சொட்டு ரத்தம் மஞ்சளில் பட்டது. அதை எச்சிலால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பெரிதாயிற்று.

ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். அத்தை நெற்றி நிறையத் திருநீறும், மழையில் கரைந்த குங்குமமுமாக இருந்தாள். மாமா உடனே காப்பி குடிக்கக் கடைப்பக்கம் போய்விட்டார். அத்தை ஈரத்தை மாற்றுவதற்காகக் கொடிப் பக்கம் வந்து, துணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

“மைனி, என் மஞ்சச் சேலயக் காணலயே.”

“வெளுக்கிறவ கொண்டாரலயோ என்னவோ. இப்ப அழுக்கெடுக்க வருவா, கேப்போம்” என்றாள் அம்மா.

சொல்லி வைத்தாற்போல் சலவைக்கார அக்கா தலையில் கோணியோடு பின்வாசலில் வந்து நின்றாள். அம்மா கேட்டதும் கோணியைக் கீழே இறக்கினாள்.

“நேத்து எண்ணிப் போட்டேன்மா. முன்கட்டு ஏழு உருப்படி. மஞ்சச் சேல மேலயே இருந்துது. பாப்பாதான எழுதுனா. பாப்பாட்டக் கேளுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நோட்டு அலமாரியில் இருந்தது. அதில் என் கையெழுத்தில், ‘மு.க. மஞ்சள் சேலை 1’ என்று எழுதி எதிரே டிக் போட்டிருந்தது. அன்று காலை எட்டு மணிக்குப் போட்டது. எழுதியிருந்த துணி கொடியில் இருக்கிறதா என்று பார்க்காமல், வந்திருக்கத்தான் செய்யும் என்று போட்ட டிக்.

“வந்துச்சாட்டி?” என்றாள் அம்மா.

“தெரியல” என்றேன். பிறகு, இன்னும் என்ன சொன்னால் எல்லாரும் என்னைப் பார்ப்பதை நிறுத்துவார்கள் என்று பட்டதோ அதைச் சொன்னேன். “நான் தப்பா டிக் போட்டிருப்பேன்.”

சலவைக்கார அக்கா சண்டை போடவில்லை. “பாப்பா, நீயா இப்படிச் சொல்லுத?” என்று மட்டும் கேட்டாள். அம்மாவின் குரல் உயர்ந்தது. ஊரார் துணியை நம்பிக் கொடுத்தால் இப்படியா, சேலை வந்தபிறகு அழுக்கெடுக்க வந்தால் போதும், என்றெல்லாம் சொன்னாள். அக்கா வெறும் கோணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு சாரலில் இறங்கினாள்.

அப்போது எனக்கு வந்த பயம் அதுவரை வந்த எந்தப் பயத்தைப் போலவும் இல்லை. அடிக்கோ, திட்டுக்கோ பயந்தவள் நான். இது இன்னொருத்தி என் பொய்யோடு நடந்து போவதைப் பார்க்கிற பயம். மைமூன் விரிப்பைச் சுருட்டி என் கையில் வைத்தாள். முதுகில் ஒரு குத்து விட்டாள்.

முன்கட்டுக்குப் போனேன். அத்தை ஈரச் சேலையோடேயே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தாள்.

“அத்த, உங்க சேல இங்க இருக்கு.”

அவள் திரும்பினாள். நான் விரிப்பைத் தரையில் விரித்தேன்.

“எங்க அம்மாதுன்னு நெனச்சு வெட்டிட்டேன்.”

“நாந்தான் வெட்டுனேன் மாமி. கத்தரி எங்க வாப்பாது” என்றாள் பின்னால் வந்த மைமூன்.

“அவ வெட்டுனா, நான் பிடிச்சேன்” என்று திருத்தினேன்.

அத்தை எழுந்து வேகமாக வாசலுக்குப் போனாள். சலவைக்கார அக்கா பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் சாரலுக்கு ஒதுங்கி நின்றிருந்தாள். “அக்கா, வாங்க. சேல என் பெட்டியிலயே இருக்கு. புத்தி கெட்டவ, நான்தான் எடுத்து வச்சிட்டு மறந்துட்டேன்” என்று அத்தை கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டது. அம்மாவிடமும் அதையே சொன்னாள். சலவைக்கார அக்கா திரும்பி வந்து, “எனக்குத் தெரியும்லா. பாப்பா நோட்டு பொய் சொல்லாது” என்று சொல்லிக்கொண்டே அழுக்கைக் கட்டினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

திரும்பி வந்த அத்தை தரையில் உட்கார்ந்து விரிப்பை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். கோபமாக இருக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

“இந்த வரிச யாரு தச்சது?”

“நான்.”

“எம்புட்டு நெருக்கமா இருக்கு. கண்ணு வலிக்கலையாம்மா?” உள்ளங்கையைப் பரப்பி மஞ்சளின் மேல் வைத்துத் தடவினாள். “எந்தப் பிள்ளைக்கு?”

“எங்க ராத்தா பிள்ளைக்கு, மாமி. அடுத்த மாசம் பொறந்துரும்னு சொல்லுதாவ.”

“அப்ப என் சேலயிலதான் படுத்துத் தூங்கப் போவுது” என்று சொல்லி அத்தை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்த மூன்று வருடத்தில் நான் பார்த்ததில்லை. “இருக்கட்டும், இருக்கட்டும். பழஞ்சேலதான. இதுக்குப் போயி இப்படி நடுங்குதீக? எனக்குச் சந்தோசந்தான்.” பிறகு தடவிக்கொண்டே கேட்டாள்: “ராத்தாவுக்கு மூத்தது என்ன, ஆணா பொண்ணா?”

“மூத்தது தங்கல மாமி. பதினோரு நாள்ல மௌத்தாயிட்டு. அதான் எங்க உம்மா, இவ அம்மா சேலதான் வேணும், வேற யாருதும் வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னா.”

எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டிருந்தது. எதையும் பாதியில் விடாமல் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்கிற என் பழக்கமும் திரும்பிவிட்டது. “எங்க அம்மாவுக்கு அஞ்சு பெத்து அஞ்சும் இருக்குலா அத்த, அதுக்காக” என்று நானே விளக்கினேன்.

அத்தையின் கை விரிப்பின் மேலிருந்து எழுந்தது. அப்புறம் எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, தன் முழங்காலில் போய் உட்கார்ந்தது. விரிப்பை மடியிலிருந்து எடுத்து மெதுவாகப் பாயில் வைத்தாள்.

“ஓரம் இன்னும் சரியா அடிக்கல போலயே” என்றாள். “இங்கனயே வச்சிட்டுப் போங்க. நான் அடிச்சு வைக்கேன். காலையில எடுத்துக்கோ. அம்மாட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், என்னா?”

ஓரம் நாலு பக்கமும் நான்தான் அடித்திருந்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆனால் மன்னிக்கப்பட்டவள் வாதாடக் கூடாது என்று தலையை ஆட்டினேன். மைமூன் தன் வாப்பாவின் கடைக்குப் போனாள். போகும்போது, “பஸ்ஸுக்கு முன்னாடி கொண்டாந்துரு. ராத்தா கண்ணு முழிச்சுப் பாத்துட்டே இருப்பா” என்றாள். நான் டைரியில் அந்த மூன்று வரியை எழுதிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை, ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் எடுக்கவில்லை. முதல் வேலையாக முன்கட்டுக்குப் போனேன். நிலைப்படிக்கு வெளியே, காகிதத்தில் பொதிந்து விரிப்பு தயாராக இருந்தது. கதவு சாத்தியிருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்த்தேன்.

மேலே இருந்தது அம்மாவின் மஞ்சள் சேலை. கொடியில் மிஞ்சித் தொங்கிய மற்றது. உள்ளேயும் அதுதான். எங்களுடைய தையல்களில் ஒன்றுகூட இல்லை, எறும்பும் இல்லை, ஒட்டகமும் இல்லை. கட்டத் துணியில் நாங்கள் போட்ட பழைய துளைகளை ஒட்டி, அதைவிட நெருக்கமாக, ஒரே சீராக அத்தையின் தையல் ஓடியிருந்தது. ஒரு மூலையில் மூன்று புள்ளிக் குறியை உள்ளே மடிக்காமல், பார்த்ததும் தெரியும்படி வெளியே விட்டிருந்தாள்.

நான் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். மைமூனும் வாப்பாவும் மிஷின் மூட்டையோடு நின்றிருந்தார்கள். அவளைத் தனியாக இழுத்து விரிப்பைக் காட்டினேன். நாள் முழுக்கத் தைத்த தையல் போன ஆத்திரம் எனக்கு.

“சேலயத் திருப்பி எடுத்துக்கிட்டாவ.”

“வெட்டுனதயா?” மைமூனால் நம்ப முடியவில்லை. “ரெண்டு துண்டாப் போனத வச்சு என்னட்டி செய்யப் போறாவ?”

“சந்தோசம்னு சொன்னாவ. கஞ்சப் பிசினாறி.”

“ஏட்டி, அங்கன பாரு.”

அத்தை அருவிக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் தோளில், துவட்டிக்கொள்கிற துண்டாக, அந்த மஞ்சள் சேலையின் ஒரு பாதி கிடந்தது. மைமூன் விரிப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. விரிப்பின் மறு ஓரத்தை நான் பொத்திக்கொண்டேன். சத்தம் கேட்டு அத்தை திரும்பிப் பார்த்தாள். விரிப்பு நன்றாக வந்துவிட்டதென்று சிரிக்கிறோம் என நினைத்தாளோ என்னவோ, எங்களைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டு, சாரலுக்குள் நடந்தாள்.